ஒரு விபத்துகூட இல்லாத ரேணுகா

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ரேணுகாதேவி தன் செல்போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். நேற்று மாலையிலிருந்து அது ஓயவில்லை. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அவளிடம் வண்டி கற்றுக்கொண்டு போனவர்கள், எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

பத்தொன்பது விநாடி. பஸ் சன்னலிலிருந்து யாரோ எடுத்தது. ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில், ஏழாவது வளைவுக்கு முன்னால், ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கிறாள். ஹாரன் அடிக்கிறாள். போகவில்லை. மறுபடியும் அடிக்கிறாள். அதன்மேல் ஒரு சிரிப்புச் சத்தத்தை ஒட்டி, அடியில் எழுதியிருந்தார்கள்: 'பயமறியாத ரேணுகா'.

அந்தப் பெயர் அவள் வைத்துக்கொண்டதல்ல. தம்பி விஜயராஜ் வைத்தது.

வேலூரில் விளம்பரப் பலகைகள் வடிவமைக்கிறவன் அவன். மூன்று வாரத்துக்கு முன் அக்காவைப் பார்க்க வந்தவன், ஐந்து வருடமாகப் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லித்தரும் அக்காவுக்கு ஒரு போர்டுகூட இல்லையே என்று வருத்தப்பட்டான். மறுவாரமே கலசப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறியது. கறுப்புக் கண்ணாடி, யாரிடமோ வாங்கிவந்த தோல் ஜாக்கெட், இடுப்பில் கை. ரேணுகாவுக்கே அது யாரென்று ஒரு கணம் புரியவில்லை. படத்துக்குக் கீழே மூன்று வரி.

'பயமறியாத ரேணுகா. பெண்களுக்கான ஸ்கூட்டர் பயிற்சி. வண்டி தொட்ட நாள் முதல் ஒரு விபத்துகூட இல்லை.'

மூன்றாவது வரி பொய். அது பொய் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் அந்த ஏழாவது வளைவில் ரேணுகா வண்டியோடு விழுந்தாள். பின்சீட்டில் இருந்த கணவன் பஞ்சாட்சரத்தின் வலது கால் வண்டிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அவர் விந்தித்தான் நடக்கிறார்.

வீடியோவுக்குக் கீழே ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: 'விபத்தே இல்லன்னா பஞ்சாட்சரம் கால் எப்படி ஒடஞ்சுது?'

இதெல்லாம் வேறு எந்த வாரம் நடந்திருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் ஜமுனாமரத்தூரில் இருக்கவேண்டும். மலைக்கிராமங்களில் சாமையும் புளியும் சேகரிக்கிற பெண்கள் குழு ஒன்று, தன் உறுப்பினர்கள் இருபது பேருக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித்தர ஆள் தேடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வருகிற ஊர்கள். மற்ற நேரமெல்லாம் நடைதான். திருப்பத்தூரிலிருந்து ஒரு பயிற்சிப்பள்ளிக்காரரையும், விஜயராஜ் போன் செய்து சொல்லியிருந்த ரேணுகாவையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருபது பேர் என்பது அவளுக்கு ஒரு வருட வேலை.

நேற்று குழுவின் செயலாளர் ஜெயசுதா போனில் நிதானமாகத்தான் பேசினாள். "நீங்க வாங்க மேடம். ஆனா அந்த வெளம்பரத்தப் பத்தி எங்க பொம்பளைங்க கேப்பாங்க. பதில் சொல்ற மாதிரி வாங்க."

விஜயராஜ் ஈரத்தலையோடு சமையலறைக்குள் வந்தான். தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

"அக்கா, ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அது நீ இல்லன்னு சொல்லிடலாம். ஹெல்மெட்டுதான, மூஞ்சி தெரியல. அப்பறம் போற வழியில அதே வளைவுல நீ ஒரு கைய வுட்டு ஓட்டு, நான் எடுத்துப் போடறேன். மத்தியானத்துக்குள்ள எல்லார் வாயும் அடங்கிடும்."

"ஒரு கைய வுட்டா?"

"ஒரு செகண்டுதான்."

ரேணுகா அடுப்பை அணைத்தாள். "நான்தான்டா அது. ஒவ்வொரு தபா மலை ஏறும்போதும் நான் அங்க நிப்பேன். அது உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. விபத்து தெரியும், மருத்துவமனைக்கு ஓடி வந்தவன் அவன். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பாதையில் எப்படிப் போகிறாள் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நிஜத்தச் சொன்னா எவக்கா வருவா? எல்லாக் கடைக்காரனும் நாங்கதான் பெஸ்டுன்னுதான் போடறான். எவனாவது நான் சுமார்னு போடறானா?"

"சுமார்னு போடச் சொல்லல. நடக்காதத போடாத."

"உன்ன நீயே ஏன் சின்னதா காட்டிக்கற?" அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கு நீ பெரிய ஆளுக்கா. சின்ன வயசுலேர்ந்தே. அதான் அப்டிப் போட்டேன்."

அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"தெரியும்டா. அந்தப் பேனரப் பாத்தன்னிக்கே எனக்கு உறுத்துச்சு. இருந்தாலும் வாயத் தெறக்கல. இன்னாத்துக்குன்னு கேளு. என் பேர அவ்ளோ பெருசா யாரும் எழுதினதில்ல. வந்து வந்து பாத்துட்டுப் போனேன். தப்பு உன்னுது மட்டும் இல்ல."

விஜயராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

பஞ்சாட்சரம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கலசப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். தினமும் காலையில் ரேணுகாதான் அவரைக் கடையில் விடுவாள், மாலையில் கூட்டிவருவாள். பேச்சு குறைவு.

"நானும் வர்றேன்" என்றார்.

"கடை இருக்குதேங்க?"

"ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்கலன்னா யாரும் செத்துடமாட்டாங்க. கிளம்பு, நேரமாவுது."

---

போளூர் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. விஜயராஜ் தன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தான். முந்தைய நாள் மழையில் சாலையோரம் இன்னும் ஈரம் இருந்தது.

ஆறாவது வளைவு தாண்டியதும் ரேணுகா வேகத்தைக் குறைத்தாள். ஏழாவது வளைவுக்கு இருபதடி முன்னால் ஓரமாக நிறுத்தினாள். இரண்டு காலையும் ஊன்றினாள்.

அன்றைக்கும் இப்படித்தான் ஈரம். வண்டி கற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. மேலேயிருந்து ஜீப் ஒன்று திடீரென்று வளைவில் வந்தது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டாள். சிதறிக்கிடந்த ஜல்லியில் சக்கரம் வழுக்கியது. அடுத்து அவளுக்கு நினைவிருப்பது கணவனின் சத்தம்தான். பால் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்து, தன் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டி, பால் கேன்களை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு பஞ்சாட்சரத்தை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவர் பெயரைக்கூட அன்று கேட்கவில்லை. பல மாதம் தேடி, பிறகுதான் கண்டுபிடித்தார்கள். சிங்காரம். இன்றைக்கும் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய்வருகிறார்கள்.

அதன்பின் வண்டி மூன்று மாதம் கொட்டகையிலேயே கிடந்தது. விற்றுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். பஞ்சாட்சரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு கொட்டகைக்கு நடந்துபோய், வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஊன்றுகோலைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு, "போ" என்றார். அவ்வளவுதான். காலைப் பற்றி ஒரு வார்த்தை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

ரேணுகா இரண்டு முறை ஹாரன் அடித்தாள். காது கொடுத்தாள். மேலே எதுவும் வரவில்லை. பத்து வரை எண்ணினாள். பஞ்சாட்சரத்தின் கை அவள் தோளில் இருந்தது. வழக்கம்போல் அழுத்தமாக.

பின்னால் விஜயராஜ் பைக்கை அணைத்துவிட்டு நின்றான். செல்போனை எடுக்கவில்லை. அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாக வண்டியை நகர்த்தி வளைவைக் கடந்தாள்.

---

குழுவின் கட்டடத்துக்கு முன்னால் சாமை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதன் பக்கத்து மைதானத்தில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். திருப்பத்தூர் பயிற்சிப்பள்ளியின் கோபால் ஏற்கனவே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை. வண்டியை எட்டுப் போட்டு வளைத்தார், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓட்டினார், கற்களுக்கு நடுவே புகுந்து வந்தார். சிலர் கை தட்டினார்கள். சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

பிறகு எல்லோரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். ஜெயசுதா எழுந்தாள். கண்ணமங்கலத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சுற்றிவளைக்கவில்லை.

"மேடம், உங்க வெளம்பரத்துல ஒரு விபத்துகூட இல்லன்னு போட்டிருக்குது. வீடியோல வேற மாதிரி பேசறாங்க. இன்னா நடந்துச்சு?"

விஜயராஜ் கதவோரம் நின்றிருந்தான். அவன் எழுதிய தாள் இன்னும் சட்டைப்பையில் இருந்தது.

ரேணுகா எழுந்து நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல போட்டிருக்கறது பொய்ங்க. நான் விழுந்திருக்கேன். ஏழாவது வளைவுல. பின்னாடி என் வூட்டுக்காரரு இருந்தாரு. அதோ உக்காந்திருக்காரே, அவரு. அவரு கால் ஒடஞ்சது என்னாலதான். வீடியோல இருக்கறதும் நான்தான். இன்னிக்கிக் காலையிலகூட அங்க நின்னுட்டுத்தான் வந்தேன்."

பாயில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள். "புருசனையே தள்ளிவுட்டவங்கள நம்பி நாங்க எப்டி ஏறறது?"

"ஞாயந்தாங்க" என்றாள் ரேணுகா. "நானா இருந்தாலும் கேப்பேன்."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் கன்னியம்மாள். நாலு ஊர்களில் புளி எடைபோட்டு வாங்கிச் சேர்ப்பவள். நரைத்த தலை, நடந்து நடந்து இறுகிய கால்.

"ஏம்மா, அங்க நின்னுகினு இன்னா பண்ணுவ?"

"ரெண்டு காலயும் ஊனிப்பேங்க. ரெண்டு ஹாரன் அடிப்பேன். மேல வண்டி வர்ற சத்தம் கேக்குதான்னு பாப்பேன். பத்து எண்ணுவேன். அப்பறம் போவேன்."

"பயம் போயிடுமா?"

ரேணுகா யோசித்தாள். "போவாதுங்க. ஆனா பயத்தோட எப்டி ஓட்டறதுன்னு எனக்குத் தெரியும். அத்ததான் நான் சொல்லித்தர்றேன். அஞ்சு வருசத்துல என்கிட்ட கத்துக்கினவங்க எல்லாரும் மொத நாள் அழுதவங்கதான்."

"நீ எப்டித் திரும்ப ஏறின?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். பஞ்சாட்சரம் பாயின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருதான் ஏத்தினாரு. கால ஒடச்சவ பின்னாடியே, கட்டுப் போட்ட காலோட வந்து உக்காந்தாரு. ஏண்டி இப்டிப் பண்ணேன்னு ஒரு நாள் கேக்கல. எட்டு வருசமாச்சு. நானும் அவருக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல, வூட்ல அப்டியெல்லாம் பேசிப் பழக்கமில்ல." சேலை மடிப்பை விட்டுவிட்டுப் பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "இங்க சொல்லிடறேன். நான் இந்தத் தொழில் பண்றேன்னா அவராலதாங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குதுன்னா, அது அவரு குடுத்தது."

பஞ்சாட்சரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கன்னியம்மாள் தன் பையை அருகிலிருந்தவளிடம் கொடுத்தாள்.

"எனக்கு அம்பத்திநாலு வயசாவுது. சைக்கிள்கூட ஏறினதில்ல. அந்தத் தம்பி நல்லா ஓட்டுது, குத்தம் சொல்லல. ஆனா அது கால தூக்கினு ஓட்டும்போது நமக்கு இது வராதுன்னு தோணிடுச்சு. வாம்மா. நீ எப்டி சொல்லித்தர்றன்னு பாப்போம்."

எல்லோரும் மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள்.

ரேணுகா முதலில் சாவியைத் திருப்பவே விடவில்லை. "சும்மா ஏறி உக்காருங்கக்கா. கால் எட்டுதா? இதோட வெயிட்டு எப்டின்னு தெரியணும். இந்தப் பக்கம் சாயுங்க. நான் புடிச்சிருக்கேன். இப்ப அந்தப் பக்கம்." பத்து நிமிடம் அப்படியே போனது. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, காலால் தள்ளித் தள்ளி நடக்கவைத்தாள். வண்டியின் கூடவே தானும் நடந்தாள். கடைசியில், "இப்ப காலத் தூக்கிப் பாருங்க. தோணலன்னா தூக்க வேணாம்" என்றாள்.

கன்னியம்மாள் தூக்கவில்லை. இன்னும் பத்தடி தள்ளிக்கொண்டே போனாள். பிறகு தூக்கினாள். வண்டி தள்ளாடி, நிமிர்ந்து, சாமை மூட்டைகளை நோக்கிப் போய், மூட்டைக்கு இரண்டடி முன்னால் நின்றது. அவள் தானாகவே நிறுத்தியிருந்தாள்.

"எம்மா" என்று மட்டும் சொன்னாள் கன்னியம்மாள். அப்படியே வண்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அரைமணி நேரம் பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஜெயசுதா ஒரு தாளோடு வெளியே வந்தாள். ஒன்பது பேர் ரேணுகாவிடம் கற்பதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற பதினொரு பேர் கோபாலிடம்.

"இருபதும் உங்களுக்கு வந்திருக்கலாம் மேடம். அந்தப் பேனர் மட்டும் இல்லன்னா" என்றாள் ஜெயசுதா. அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"ஒன்பது பேர் நம்பினதே எனக்குப் பெருசுங்க" என்றாள் ரேணுகா. மனதாரத்தான் சொன்னாள்.

---

ஊருக்குள் ஒரு டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். விஜயராஜ் டீயைத் தொடாமல் செல்போனில் எதையோ அழித்துக்கொண்டிருந்தான்.

"நெட்ல போட்ட வெளம்பரத்தயே எடுத்துட்டேன்க்கா. பேனரச் சாயங்காலம் நானே போய் எறக்கிடறேன். என்னாலதான் பதினொரு பேரு போச்சு."

"ஒன்பது பேர் வந்தது யாராலடா? நீ இவங்க நம்பரத் தேடிப் போன் பண்ணாம இருந்தா, என்ன யாருக்குத் தெரியும் இங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"புதுசா எழுதிக் குடு. ஜாக்கெட்டு வேணாம், கண்ணாடி வேணாம். நான் எப்பவும் கட்டற சேலை. என் பேரு, நம்பரு. கீழ ஒரு வரி. மெதுவாத்தான் சொல்லித்தருவேன்னு."

"அவ்ளோதானா?"

"அது நெஜம். அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

விஜயராஜ் இன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். பைக்கில் பெட்ரோல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.

ரேணுகா கைப்பையிலிருந்து பயிற்சி நோட்டை எடுத்தாள். புதிதாகச் சேருகிறவர்களைப் பற்றிக் குறித்துக்கொள்வது அதில்தான். ஜெயசுதா கொடுத்த தாளைப் பார்த்து ஒன்பது பெயரையும் எழுதினாள். கன்னியம்மாள் முதலில்.

"ரேணு" என்றார் பஞ்சாட்சரம்.

"ம்."

"ஒன்பதோட நிறுத்திடாத. பத்தாவதா ஒரு பேரு எழுதிக்க."

"யாருங்க?"

"நான்தான்."

அவள் பேனாவை வைத்தாள். அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"கால் சரியாகி ஏழு வருசமாவுது. வண்டி ஓட்டலாம், ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. நீ மருந்து வாங்கப் போயிருந்த. நான் உன்கிட்ட சொல்லல."

"ஏழு வருசமாவா?"

"காலால இல்ல ரேணு. பயம். அந்த வளைவுல உன் தோளப் புடிச்சிக்கறேனே, உனக்குத் தைரியம் குடுக்கன்னு நெனச்சிருப்ப. நான் கீழ வுழாம இருக்கத்தான் புடிச்சிருந்தேன்."

தினமும் காலையில் கடை வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் விந்தி விந்திப் போகிற அந்த முதுகு ரேணுகாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஏங்க சொல்லல?"

"நானும் பயப்படறேன்னு தெரிஞ்சா நீ வண்டிய வுட்ருவன்னு நெனச்சேன். அப்பறம் நாளாக நாளாக வாயே வரல. இன்னிக்கி அத்தினி பேர் முன்னாடி நீ நின்னு சொல்ற. எனக்கு மட்டும் சொல்றதுக்கு இன்னா."

அவள் அழவில்லை. கோபமும் வரவில்லை. டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டு வாங்கி, அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். பிறகு நோட்டை நேராக வைத்துக்கொண்டு, எல்லோரையும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"பேரு?"

அவர் அவளைப் பார்த்தார். "பஞ்சாட்சரம்."

"முன்ன வண்டி ஓட்டின பழக்கம் இருக்குதுங்களா?"

"இருக்குது. வுட்டுப் போச்சு."

எழுதிக்கொண்டாள். கடைசியாக ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் நாள் வகுப்பையே தொடங்குவாள்.

"எத்த நெனச்சாப் பயம் வருது?"

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து விஜயராஜ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அத்த மட்டும் வூட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார்.

ரேணுகா அந்த இடத்தில் அப்படியே எழுதினாள்: வூட்டுக்குப் போய்.